மேல் கம்பி இல்லாத தாள்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோரும் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான் பூதக்கண்ணாடி. அது வசையில்லை, பயம் கலந்த மரியாதை. கட்டட வரைபடம் போடும் ஆறு பேர் கொண்ட அந்த அலுவலகத்தில் யார் போட்ட படமானாலும் அவள் கண்ணில் பட்ட பிறகுதான் வெளியே போகும். எங்காவது ஒரு கதவு தப்பான பக்கம் திறந்தால் போதும், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுவாள்.

"ஏம்ப்பா, இந்தக் கதவைத் திறந்தா வாஷ்பேசின்ல இடிக்குமே. உள்ள போறவன் பக்கவாட்டுல நடந்து போவானா?"

பத்தொன்பது வருடம் இப்படித்தான் ஓடியது. இன்ஜினியர் சார் அவளை நம்பி நம்பி, அவள் நீட்டிய தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் அளவுக்கு வந்துவிட்டார். அதில் அவளுக்குப் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

அவளுடைய கூர்மைக்கு ஒரு வழி இருந்தது. ஒரு படத்தில் சுவர் மேல் குழாய், குழாய் மேல் ஒயர், ஒயர் மேல் கம்பி என்று ஆயிரம் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அவளோ தனக்கு வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தற்காலிகமாக மறைத்துவிடுவாள். மவுசில் வலது பக்கம் ஒரு தட்டு, கோடுகள் காணாமல் போகும். அவை அழிவதில்லை, கோப்புக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். வேலை முடிந்ததும் இன்னொரு தட்டு தட்டினால் எல்லாம் திரும்ப வரும். தட்ட மறந்தாலும் குடி முழுகாது, கோப்பை மூடித் திறந்தால் தானாகவே வந்துவிடும். எதையாவது மறைத்து வைத்திருந்தால் திரையின் கீழ் மூலையில் ஒரு குட்டி பல்பு நிறம் மாறிக் காட்டும். அவள் நாள் முழுக்க மறைத்தபடியே வேலை செய்கிறவள். அதனால் அந்த பல்பு எந்த நிறத்தில் இருக்கிறது என்று அவள் பார்த்தே வருடக்கணக்காகிவிட்டது.

அவள் கணவர் பஸ் டிரைவர், கிண்டலுக்குக் குறைச்சல் இல்லாதவர். வேலையில் மூழ்கியிருக்கும்போது கூப்பிட்டால் அவளுக்குக் காது கேட்காது. "உங்கம்மா என்னையும் சேத்து மறைச்சு வெச்சிருக்கா. கம்ப்யூட்டரை அணைச்சாத்தான் நான் தெரிவேன்" என்று மகளிடம் சொல்லுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் ஒரு மூன்று மாடி வீட்டின் பால்கனிப் படத்தில் மூழ்கியிருந்தாள். சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு உயிரே மேல் கம்பிதான். கீழே எத்தனை கம்பி போட்டாலும் மேலே இல்லாவிட்டால் அது நிற்காது. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் கம்பியெல்லாம் முதல் நாளே வரைந்து முடித்திருந்தாள். கீழ்க் கம்பிக்கு அளவு எழுத இடம் போதாமல், மேல் கம்பியையும் அதன் குறிப்புகளையும் மறைத்துவிட்டு அளவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"சைட்லேர்ந்து ஆள் வந்து அரை மணி நேரமா நிக்கிறான். இன்னுமா பிரிண்ட் வரலை?" என்று சார் உள்ளேயிருந்து கத்தினார்.

அவள் அளவை முடித்தாள், சேமித்தாள், அச்சுக்குக் கொடுத்தாள். முதல் தாளில் மை மங்கி நடுவே வெள்ளைப் பட்டை விழுந்தது. அதைக் கழிவுத் தாள் பெட்டியில் போட்டுவிட்டு, மையை மாற்றி இன்னொன்று எடுத்தாள். சார் கையெழுத்துப் போட்டார், ஆள் வாங்கிக்கொண்டு போனான். அவள் கோப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

நாலு மணிக்குக் கம்பி மேஸ்திரி போன் செய்தார். அவரை அவளுக்கு ஏழெட்டு வருடமாகத் தெரியும். அதிகம் பேசாத மனிதர்.

"மேடம், இப்ப வந்துச்சே பால்கனி படம், அதுல உள்ளபடியே கட்டிடலாங்களா? ஒருதரம் நல்லாப் பாத்துச் சொல்லிடுங்க."

அவள் கோப்பைத் திறந்தாள். மறைத்த மேல் கம்பி திரும்ப வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு கம்பியாக எண்ணினாள். ஒரு குறை இல்லை. என் படத்தையே சந்தேகப்படுகிறாரே என்று கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

"படத்துல உள்ளபடியே போடுங்க மேஸ்திரி. ஒரு கம்பிகூட மாத்த வேணாம்."

அந்தப் பக்கம் தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"சரிங்க. நீங்க சொன்னா சரி."

மூன்று வாரம் கழித்து, கான்கிரீட்டைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்தார்கள். பால்கனி மடிந்து அப்படியே கீழே இறங்கியது. அடியில் முட்டுகளை உருவிக்கொண்டிருந்தவன் மேஸ்திரியின் ஆட்களில் ஒருவன், அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

சைட்டில் இருந்த தாள் இடிபாட்டோடு சேர்ந்து கூழாகிவிட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் அலுவலகத்தில் கோப்பைத் திறக்கச் சொல்லிப் புதிதாக ஒரு படம் அச்செடுத்துக்கொண்டார்கள். அதில் மேல் கம்பி லட்சணமாக இருந்தது. விழுந்த பால்கனியில் இல்லை. வேறென்ன வேண்டும்?

"மேஸ்திரி உங்களுக்கு போன் பண்ணாரா?"

"பண்ணாரு."

"என்ன சொன்னீங்க?"

"படத்துல உள்ளபடி போடச் சொன்னேன்."

"படத்துல கம்பி இருந்துச்சா?"

"இருந்துச்சு. நான் எண்ணிப் பாத்துத்தான் சொன்னேன்."

ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பதில்களே போதுமாக இருந்தன, மேஸ்திரி மேல் வழக்குப் போட. கம்பியை மறந்தார் என்றும், திருடி விற்றார் என்றும், வாய்க்கு வந்தபடி ஊர் பேசியது. ஜாமீனில் விட்டார்கள். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தீர்ப்பு வந்தால் ஜெயில் நிச்சயம் என்றார்கள். "எப்படி ஒரு மனுஷன் மேல் கம்பியை மறப்பான்?" என்று அவளும் எல்லோரோடும் சேர்ந்து கேட்டாள். அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கு உடம்பு கூசும்.

பால்கனி விழுந்த ஏழாவது வாரம், ஒரு போன் நம்பரைக் குறித்துக்கொள்ளக் கழிவுத் தாள் பெட்டியிலிருந்து ஒன்றை உருவினாள். அந்த அலுவலகத்தில் வீணான அச்சுத் தாளின் பின்பக்கத்தில்தான் குறிப்பு எழுதுவது வழக்கம். எழுதி முடித்துத் தாளைத் திருப்பினாள். நடுவே வெள்ளைப் பட்டை. பட்டைக்கு இந்தப் பக்கம் பால்கனி முழுசாகத் தெரிந்தது. கீழ்க் கம்பி இருந்தது. மேல் கம்பி இல்லை. தாளின் ஓரத்தில் கோப்பின் பெயர், அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி, பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம்.

அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறைத்த கம்பியைத் திரும்பக் கொண்டுவராமலே அச்சுக்குக் கொடுத்திருக்கிறாள். கோப்பை மூடியபோதே தப்பும் சேர்ந்து மறைந்துவிட்டது. அவள் திறந்து பார்த்தது வேறு படம். மேஸ்திரி கையில் வைத்திருந்தது வேறு படம். இரண்டையும் ஒரே படம் என்று நினைத்து இருவரும் போனில் பேசியிருக்கிறார்கள்.

சாரிடம் தாளைக் காட்டினாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கோப்புல கம்பி இருக்குல்ல? அதோட விடு. இது கழிவுத் தாள்மா."

"அந்த ஆளு ஜெயிலுக்குப் போவாரு சார்."

"நீ வாயைத் திறந்தா நீ போவே. கையெழுத்துப் போட்ட நான் போவேன். வெளியே இருக்கிற அஞ்சு பேர் வீட்ல அடுப்பு எரியாது. யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். வீட்டில் கணவரிடம் சொன்னாள். வாயாடி மனிதர் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குமாம். நமக்கு ஒரு பொண்ணு இருக்கா, ஞாபகம் வெச்சுக்க" என்றார். பிறகு, "உன்னால சொல்லாம இருக்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்" என்றார்.

விசாரணை அதிகாரியிடம் போகுமுன் மேஸ்திரியிடம் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் மரியாதை என்று நினைத்தாள். சேதி கேட்டால் அந்த மனிதர் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்றும் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விலாசம் விசாரித்துக்கொண்டு போனாள்.

லாரி பட்டறைக்குப் பின்னால் இரண்டே அறைகள். மேஸ்திரி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட அவர் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். தம்பி செத்த நாளிலிருந்து அந்த அம்மாள் புருஷனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை என்று வழி காட்டிய பட்டறைக்காரர் சொல்லியிருந்தார்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கம்பியை மறைத்தது, மறைத்தபடியே அச்செடுத்தது, கோப்பை மூடித் திறந்தது. பிறகு தாளை நீட்டினாள்.

மேஸ்திரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேல் கம்பி இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"இதுதாங்க. இதேதான் நான் பாத்தது. படத்துல கம்பி இல்லை, இல்லைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், ஒருத்தனும் நம்பலை. புதுசா ஒரு படத்தைக் கொண்டாந்து காட்டி, இது என்ன உன் கண்ணு அவிஞ்சு போச்சான்னாங்க. கடைசியில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நாமதான் மறந்துட்டோம் போலன்னு நானே ஒத்துக்கிட்டேங்க."

"தப்பு என்னோடது மேஸ்திரி. நாளைக்கே போய் எழுதிக் குடுத்துடுறேன்."

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஏழு வாரம் அடைத்துக் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது.

"மேல் கம்பி இல்லாம பால்கனி நிக்காதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? இருபத்தாறு வருஷமா கட்டுறேன். தாளைப் பாத்ததுமே இது தப்பாச்சேன்னு பட்டுச்சு. அதனாலதான் உங்களுக்கு போன் போட்டேன்."

"கம்பி இல்லையேன்னு நேரா கேட்டிருக்கலாமே."

"எப்படிங்க கேக்குறது? போன தடவை ஒரு படியில சந்தேகம் கேட்டதுக்கு உங்க சார் எல்லார் முன்னாடியும், நீ எந்தக் காலேஜ்ல படிச்சேன்னாரு. அதான், பாத்துச் சொல்லுங்கன்னு மட்டும் கேட்டேன். நீங்க அடிச்சுச் சொன்னீங்க. படிச்சவங்க வேற ஏதோ கணக்குப் போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவர் மனைவி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

ஏழு வாரத்தில் புருஷனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. மேஸ்திரி தாளோடு நிமிர்ந்தார்.

"மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். மனுஷன்னா மறதி இருக்கும், அவரு என்ன வேணும்னேவா செஞ்சாருன்னு தினமும் எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் உங்களுக்குச் சோறு போட்டேன். நிக்காதுன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே என் தம்பியை அதுக்கு அடியில அனுப்பியிருக்கீங்க."

"இவங்க சொன்னதாலதான்..." என்றார் மேஸ்திரி.

"ஆமாங்க, நான்தான் சொன்னேன். பழி என்மேலதான்" என்று குறுக்கே விழுந்தாள் இவள்.

அந்த அம்மாள் இவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் கோபமே இல்லை.

"உங்களைச் சொல்லலைங்க. நீங்க பாத்த படத்துல கம்பி இருந்துச்சு. இவரு பாத்ததுல இல்லை."

மேஸ்திரி தாளை நாலாக மடித்து இவளிடம் நீட்டினார்.

"இதைக் குடுக்காதீங்க மேடம். நான் மறந்துட்டேன்னே இருக்கட்டும். உள்ள போறதுன்னா போறேன்."

இவள் வாங்கிக்கொண்டாள். பட்டறை மறைவு வரை நடந்துவந்து, அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆறுதல் சொல்லப் போய் ஒரு வீட்டைக் குத்திக் கிழித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. தாளைக் கிழித்துப் போட்டால் மேஸ்திரிக்கு ஜெயில். கொடுத்தால் விடுதலை. ஆனால் அவர் கேட்டது அந்த விடுதலையை இல்லை, மனைவி கண்ணில் மறந்தவனாகவே இருந்துவிடுவதை. கிழிக்க இரண்டு தடவை கையெடுத்தாள், முடியவில்லை.

திங்கட்கிழமை தாளை விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்தாள். அவர் நம்பவில்லை. அவர் கண்ணெதிரே கம்பியை மறைத்து, அச்செடுத்து, கோப்பை மூடித் திறந்து காட்டினாள். பிறகுதான் எழுதிக்கொண்டார். அலுவலகத்தை மூடினார்கள். அவள் பேரும் சார் பேரும் வழக்கில் ஏறின. மேஸ்திரியின் பேரை எடுக்க இன்னும் மூன்று மாதம் ஆனது.

அந்த மூன்று மாதமும் அவர் மனைவி வேளை தவறாமல் சமைத்துப் போட்டாளாம். வழக்கில் மாட்டியவனை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனாள் என்ற பேச்சு வரக்கூடாது என்று இருந்தாளாம். இனி ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போட வரவேண்டாம் என்று அவருக்குச் சொல்லி அனுப்பிய அன்று, அவர் வீடு திரும்புவதற்குள், துணிமணியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.