ஜப்பான் இரும்பு, வன்னி றோட்டு

சைக்கிள் திருத்துகிறவனிடம் ஒருவரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. சிரித்த முகமாய் இருக்கும் நாட்களில் அவர்கள் எங்கள் கடைவாசலால் பறந்து போய்விடுவார்கள். செயின் கழன்று, கையெல்லாம் கரியாகி, மத்தியான வெயிலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த பாவம் உங்களுக்கும் வாய்த்திருக்கும். ஆகவே உங்களிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளில், சண்டைக்காலத்து வன்னியில் பெற்றோல் கண்ணில் காட்டவும் கிடையாது. வாத்தியாரும் மீன்காரரும் கலியாண மாப்பிள்ளையும் சைக்கிளில்தான் போனார்கள். அந்தச் சைக்கிள்களுக்குள் தனி மதிப்போடு ஓடியவை, பாதை திறந்திருந்த காலத்தில் கொழும்பிலிருந்து வந்த பழைய ஜப்பான் றேஸ் சைக்கிள்கள். கடாக்கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில், மெல்லிய உருக்குக் குழாய். குழாய்கள் சேரும் மூலைகளில் உறை போட்டு, பித்தளை உருக்கி ஒட்டியிருப்பான் ஜப்பான்காரன். நகத்தால் சுண்டினால் மணி அடித்து ஓய்கிற நேரத்துச் சத்தம் ஒன்று உள்ளே ஓடும். வளைந்தால் நிமிர்த்தலாம், வெடித்தால் ஒட்டலாம், ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கடக்கலாம். புதுச் சாமான் ஒன்றும் வராத ஊரில் வேறென்ன வேணும்? எனக்கு அதில் பிடித்தது இவ்வளவும். பிடிபடாமல் போனதைத்தான் கீழே எழுதுகிறேன்.

விசிலடிக்கிற குழாய்

கிளிநொச்சியில் கடை வைத்திருந்தபோது முல்லைத்தீவுக் கரையிலிருந்து மரியதாஸ் மீன் கொண்டு வருவார். ஐஸ் இல்லாத காலம். மற்றவர்களின் மீன் சந்தைக்கு வரும்போது கண் வெளுத்திருக்கும். மரியதாசின் மீன் துள்ளாத குறை. காரணம் அவருடைய ஜப்பான் சைக்கிள். அப்படிப்பட்ட சைக்கிளை ஒருநாள் கொண்டுவந்து, "அண்ணை, இது விசிலடிக்குது, பாருங்கோ" என்றார். கடற்கரை றோட்டில் காற்று எழும்பினால் சைக்கிளிலிருந்து நீளமாய் ஒரு விசில் வருகிறதாம். கூட வரும் மீன்காரர்கள் அவரை விட்டுவிட்டு முன்னுக்கு ஓடிவிடுகிறார்களாம். மனுசி அதை விற்கச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறாவாம்.

நான் குழாய் குழாயாய்த் தடவிப் பார்த்தேன். தண்ணிப்போத்தல் கூடு பூட்டுகிற ஆணி ஒன்று கழன்று, அந்த இடத்தில் ஓட்டை திறந்து கிடந்தது. வாயை வைத்து ஊதினேன். விசில் வந்தது. விரலால் பொத்தினேன், நின்றது. "இவ்வளவுதான். மெழுகு வைச்சு அடைச்சுவிடுறன்" என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்தால், மரியதாசின் முகம் ஒரு மாதிரி. சைக்கிள் அவருடைய தம்பியுடையது என்று அப்போதுதான் சொன்னார். தம்பி கடலுக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளமும் கரைக்கு வரவில்லை. வள்ளம் கரையை நெருங்கும்போது கூவாமல் விசிலடிப்பது அவனுடைய பழக்கமாம், இதே சுருதியில். நான் மெழுகை எடுக்க, மரியதாஸ் என் கையைப் பிடித்தார்.

"ஓட்டை எது எண்டு காட்டினது போதும் அண்ணை. அடைச்சுப்போட்டால் அவன் பிறகு எப்பிடிக் கூப்பிடுறது?"

குளக்கட்டிலிருந்து இறங்கி வந்தது

இரணைமடுவுக்குக் குளத்துமீன் வாங்கப் போயிருந்தேன். குளக்கட்டின் அடியில் உள்ள தேத்தண்ணிக் கடையில் நாலைந்து பேர் இருந்தோம். உச்சி வெயில். கட்டிலிருந்து சரிவான றோட்டால் ஒரு சைக்கிள் வந்தது. அதில் ஆள் இல்லை. ஹாண்டில் ஆடவில்லை, சில்லு உலையவில்லை. ஆறுதலாய், அவசரமில்லாமல் எங்களைக் கடந்து போய், கொஞ்சத் தூரத்தில் வாய்க்கால் ஓரத்துப் புல்லில் சாய்ந்து படுத்தது. கடை நாய் குரைக்கவில்லை. வாங்குப் பலகைக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது.

முன்சில்லைத் தாங்கும் போர்க் நல்லாய் உள்ள ஜப்பான் சைக்கிளைச் சரிவில் விட்டால் ஆளில்லாமலும் நேரே ஓடும், அது எனக்குத் தெரியும். அந்தச் சைக்கிளையும் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்கிற ரகுநாதனுடையது. மேலே போகவேண்டாம் என்று கடைக்காரர் கெஞ்சினார். ஆனாலும் போனேன். குளக்கட்டில் ஒரு மருதமரத்துக்குக் கீழே ரகுநாதன் மலேரியாக் காய்ச்சலில் வெட்டி வெட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தான். உடம்பு சரிந்து தலை தண்ணீருக்குள் போக ஒரு சாண்தான் இருந்தது. கத்தி ஆட்களைக் கூப்பிட்டு, உழவு மெசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டான்.

காய்ச்சல் விட்டபிறகு பார்க்கப் போனேன். "ஓடிக்கொண்டு வரேக்க விழுந்தனியோ? சைக்கிள் தன்ரபாட்டில வந்து சொல்லாட்டி நீ முடிஞ்சாய்" என்று பகிடியாய்ச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"நான் ஓடேக்க விழேல்லை அண்ணை. குளிர் பிடிக்குது எண்டு இறங்கி, சைக்கிளை மரத்தில வடிவாய்ச் சாத்திப்போட்டுத்தான் இருந்தனான்."

சத்தம் வேணும்

சண்டை நெருங்கி, கிளிநொச்சியை விட்டு எல்லோரும் எழும்பினபோது நானும் ஆணி கழற்றும் சாவிகளையும் சுத்தியலையும் சாக்கில் கட்டிக்கொண்டு துணுக்காய்ப் பக்கம் போனேன். ஒரு புளியமரத்துக்குக் கீழே கடை. அங்கே முதல் வாடிக்கை, பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது. எல்லோரும் மிஸி என்போம். ஐம்பது வயதிருக்கும். அவா ஓடியது கொழும்பிலிருந்து தமையன் அனுப்பிய ஜப்பான் சைக்கிள். நான் அதைக் கழற்றி, சில்லுக்குள் உருளும் இரும்புக் குண்டுகளைக் கழுவி, கிறீஸ் இல்லாததால் தேங்காயெண்ணெய் விட்டுப் பூட்டினேன். பிறகு அதில் ஒரு சத்தமும் கிடையாது. எனக்குப் பெரிய பெருமை. அதுதான் பிழையாய்ப் போயிற்று.

காட்டுக்கரை றோட்டில் விறகு கொண்டு வரும் பெண்கள் திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சீலையோடு மிஸி பக்கத்தில் நிற்பா. ஒருத்தி விறகைப் போட்டுவிட்டு ஓடி விழுந்து, மிஸியே காயத்துக்கு மருந்து கட்டினா. "பெல் அடிச்சால் இன்னும் கூடப் பயப்பிடுதுகள், தம்பி. ஓடுறது கேக்கிறமாதிரி ஏதேனும் செய்துவிடும்" என்றா. நான் ஒரு தடித்த பிளாஸ்ரிக் துண்டை வெட்டிச் சில்லுக் கம்பிகளில் தட்டுகிற மாதிரிப் பூட்டிவிட்டேன். டக டக டக என்று ஊருக்கே கேட்டது. பெண்கள் சந்தோசம். மிஸியும் சந்தோசமாய்த்தான் போனா.

கொஞ்ச நாளில் உருட்டிக்கொண்டு வந்தா. முகத்தில் களை இல்லை. துண்டு தேய்ந்துவிட்டதாக்கும் என்று குனிந்தேன். தேயவில்லை. மிஸி குரலைத் தாழ்த்தினா.

"உந்தத் துண்டைக் கழட்டிவிடும், தம்பி. நான் ஓடேக்க எனக்குப் பின்னாலயும் ஒண்டு இதே சத்தத்தோட வருது. முந்தியும் வந்திருக்கும், சத்தமில்லாதபடியால் எனக்குத் தெரியேல்லை."

பூட்டு

கந்தையா அண்ணை துணுக்காயில் வயல் செய்கிறவர். பச்சைப் பெயின்ற் அடித்த ஜப்பான் சைக்கிள் ஒன்றைச் செயின் இழுத்துக் கட்டக் கொண்டுவந்திருந்தார். நான் சில்லைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தையல் மெசினுக்கு எண்ணெய் கேட்டு வந்த செல்வராணி அப்படியே நின்றுவிட்டா. அவாவின் புருசன் காணாமல் போய் இரண்டு மூன்று வருடம். சைக்கிளை அவா பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. பின்சில்லு ஒரு சுற்றுக்கு ஒருதரம் இரட்டையாய்த் தட்டும். பற்சக்கரத்தில் பல் ஒன்று உடைந்திருக்கவேண்டும்.

"இது எங்கட சைக்கிள்" என்றா. "சீற்றுக்குக் கீழ பயறளவில ஒரு பித்தளை ஒட்டு இருக்கும். சுரண்டிப் பாருங்கோ அண்ணை."

சுரண்டினேன். பச்சைக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே பித்தளை மின்னியது. கந்தையா அண்ணைக்கு வேர்த்துக் கொட்டியது. "பிள்ளை, நான் களவெடுக்கேல்லை" என்று சொன்னார். நெடுங்கேணிக்கு அங்கால் காட்டில் தேன் எடுக்கப் போனவராம். பாலைமரம் ஒன்றில் சைக்கிள் சாத்திக் கிடந்ததாம். கம்பிகளுக்குள்ளால் கொடி ஏறிப் பூத்திருந்ததாம். கூப்பிட்டுப் பார்த்தாராம், ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. ரயரை அமத்தினால், நேற்று அடித்த மாதிரிக் காற்று இறுகி இருந்ததாம். அதற்குப் பயந்து விட்டுவிட்டு வந்து, மனம் கேளாமல் மற்றநாள் போய்க் கோடரியால் பூட்டை உடைத்துத் தூக்கி வந்து, பச்சை அடித்தாராம். உடைந்த பூட்டு அப்போதும் பின்சில்லுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"பூட்டியே கிடந்தது?" என்று மட்டும் செல்வராணி கேட்டா.

"ஓம் பிள்ளை. பூட்டைத் திறக்கத் திறப்பைச் சுத்திவரத் தேடினனான், காணேல்லை."

கந்தையா அண்ணை சைக்கிளை அவாவிடமே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனார். செல்வராணி வாங்குப் பலகையில் இருந்தா. அழவில்லை. "தங்கச்சி, புதுப் பூட்டு ஒண்டு கிடக்கு, போட்டுவிடுறன்" என்றேன். அவா அந்த உடைந்த பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டு சொன்னா:

"வேண்டாம் அண்ணை, இதையே திருத்திப் போடுங்கோ. திறப்பு அவரிட்ட எல்லோ இருக்கு."

அத்தனை வருடம் கழற்றிப் பூட்டியும் ஜப்பான்காரனின் இரும்பில் நான் கண்ட ஒரே குறை, ஓட்டுகிறவன் இல்லாமல் போனபிறகும் அது பழுதாகாமல் கிடப்பதுதான்.