அம்மாவின் குரலை இறக்குமதி செய்தோம்

அந்தப் பாட்டை அம்மாதான் கட்டினார். அப்பா கடலுக்குப் போகிற நாட்களில், மாதா படத்துக்கு முன்னால் இருந்து, தொழிலுக்குப் போனவர்களைக் கரை சேர்க்கச் சொல்லிக் கேட்கிற பாட்டு. யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். யார் கட்டியது என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

என் பள்ளித் தோழன் ஒருவன் பிரான்ஸில் இசை வெளியீட்டு நிறுவனம் நடத்துகிறான். சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் வீட்டிலேயே படுத்து வளர்ந்தவன். அம்மா அவனைத் தன் மூத்த பிள்ளை என்றுதான் சொல்லுவார். ஒரு விடுமுறைக்கு நல்ல மைக்கோடு வந்து, "அம்மா, உங்கடை பாட்டை உலகம் கேக்கவேணும்" என்றான். அம்மாவுக்கு வெட்கமும் சந்தோசமும் தாங்கவில்லை. காகம் கத்தாமல் பார்த்துக்கொள்ளும்படி என்னை முற்றத்தில் நிறுத்திவிட்டுப் பதிவு செய்தான். நானும் மடையன் மாதிரிக் காகம் கலைத்தேன்.

பிரான்ஸிலிருந்து ஒரு சீடி வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். பிரதி எடுத்துக் கொடுக்கலாமா என்று அவனிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"கொப்பி அடிச்சுப்போடாதை மச்சான். இது பிரான்ஸ் வெளியீடு, உரிமைச் சட்டம் கடுமை. வேணுமெண்டால் இஞ்சையிருந்து எடுப்பியுங்கோ."

எடுப்பித்தோம். பெட்டி கொழும்பில் இறங்கியது. தீர்வை கட்டி மீட்டு வந்தோம். குசினியில் பாடிக்கொண்டிருக்கிற அம்மாவின் குரல் சுங்கத்தில் வெளிநாட்டுச் சாமான்! அப்போது விழுந்து விழுந்து சிரித்தோம். பிள்ளை சட்டம் தெரிந்தவன், சரியாகத்தான் சொல்லுவான் என்றார் அம்மா.

போன வருடம் அம்மா போய்விட்டார். கனடாவில் இருக்கிற தங்கைக்கு இன்னும் விசா சரிவரவில்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பெட்டி மூட முதல் அம்மான்ரை பாட்டைப் போடுங்கோ அண்ணை. உங்களோடை சேர்ந்து நானும் கேக்கவேணும்."

எங்கள் ஊர்ச் செத்தவீடுகள் எல்லாம் இப்போது இணையத்தில் நேரலையாகப் போகின்றன. கமராக்காரத் தம்பி கமரா, மைக் எல்லாவற்றையும் பொருத்தி வைத்திருந்தார். சுவாமியார் செபம் முடித்ததும் பாட்டைப் போட்டோம். சுற்றி இருந்த பெண்களும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். எல்லோரும் அழுதோம். அந்த நேரம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணை, சத்தம் வரேல்லை! எனக்கு ஒண்டும் கேக்கேல்லை!"

கமராக்காரத் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "உரிமை உள்ள பாட்டாம் அண்ணை, சத்தத்தை நிப்பாட்டிப் போட்டாங்கள்" என்றார். உரிமையாளர் என்று அங்கே இருந்தது என் தோழனின் நிறுவனம். அதற்குக் கீழே அவன் எழுதிய அனுதாபமும் இருந்தது. அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

உடனே வெளியே போய் அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அது கொம்பியூட்டர் தன்ரைபாட்டிலை செய்யிறது மச்சான்" என்றான்.

"அப்ப அந்தத் தடையை எடுத்துவிடு. பெட்டி மூடப்போகினம்."

"உடனை ஏலாது. பங்காளியளோடை கதைக்கவேணும். ரெக்கோர்டிங் கொம்பனிக்குத்தானே சொந்தம்."

"பாட்டு? பாட்டு அம்மான்ரையல்லோ?"

"அதைப் பழைய நாட்டார் பாட்டெண்டுதான் பதிஞ்சது. கட்டின ஆளெண்டு ஒருத்தரைப் போட்டால் பிறகு கரைச்சல்."

கரைச்சலாம். சோறு போட்ட மனுசி அவனுக்குத் தொந்தரவாம்! பாட்டைக் கட்டியவர் யாருமில்லை என்று பதிந்துவிட்டுத்தான் இத்தனை நாளும் அவரை வாய் நிறைய அம்மா என்று கூப்பிட்டிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது பாட்டு முடிந்திருந்தது. பெட்டியை மூடினார்கள்.

அடுத்த நாள் அவனிடமிருந்து செய்தி வந்தது. "திறந்துவிட்டிருக்கு மச்சான். இனிச் சத்தம் வரும்." அதைத் தங்கைக்குச் சொன்னேன்.

"இனி வந்து என்ன அண்ணை?" என்றாள். "பெட்டி மூடேக்கை உங்கடை வாயள் அசைஞ்சது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சது."