பெட்ரோல் மூடிக்கு அடியில்

ஐம்பத்தோரு வயதில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆசைப்பட்டு இல்லை. முப்பது வருஷம் பேக்கரி வேன் ஓட்டி, தெரு முழுக்க ‘பிரெட்டுக்காரர்’ என்றே பெயர் வாங்கிவிட்ட புருஷனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. காலையில் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போவாள். புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டுகிற வேலை. மதியம் வந்து அவரை வீட்டில் விட்டுவிட்டு மறுபடி நூலகத்துக்குப் போவாள்.

கார் அவரைப் போலவே பழசு. கார்பரேட்டர் வைத்த காலத்துச் சாமான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் அவருக்கு வாய் ஓயாது.

“கிளச்சை மிதி. மிதிக்கிறதுக்குத்தான் வச்சிருக்கான், தடவிக் குடுக்க இல்ல.”

“இந்த வண்டி பெட்ரோல்ல ஓடுதா, உங்க வாயில ஓடுதா?” என்பாள் அவள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் முனகியது. பேட்டரியை மாற்றியதும் அது சரியானது. பிறகு வந்ததுதான் பெரிய தொல்லை. வீட்டிலிருந்து ஒழுங்காகக் கிளம்பும். இருபது நிமிஷம் ஓடி மேம்பாலத்தில் ஏறும்போது இழுவை குறையும். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் ஏறாது. பாதிப் பாலத்தில் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி பிடித்துக்கொள்ளும்.

இப்படி நாலைந்து முறை. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. தலைமை நர்ஸ் நல்ல மாதிரி. ஆனாலும் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை ஏழரை தாண்டினா அந்தப் படுக்கையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்மா. நாலு பேர் காத்திருக்காங்க. அப்புறம் உங்களுக்குச் சாயங்காலம் நாலு மணி ஷிஃப்ட்தான்.” நூலகம் சாத்துவது ஆறரைக்கு, அதுவரை அவள் இருந்தாகவேண்டும். சாயங்காலம் என்றால் வேலையை விடவேண்டியதுதான்.

மெக்கானிக் பிளக் மாற்றினான். பில்டர் மாற்றினான். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பட்டறையைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்து கையை விரித்தான்.

“என் கையில நல்லாத்தான் ஓடுதுக்கா. உங்களைப் பார்த்தாதான் அதுக்கு மயக்கம் வருது.”

“அப்ப நாளைக்கு நீயும் கூட வா. மயக்கம் போட்டா தண்ணி தெளிக்க ஆள் வேணும்ல.”

அவன் பிரெட்டுக்காரர் பக்கம் திரும்பினான். “அண்ணே, நீங்க சொல்லுங்க. சத்தத்தை வச்சே சீக்கு சொல்ற ஆளாச்சே.”

“எனக்கென்னப்பா தெரியும். பிரெட் வேன் ஓட்டினவன்” என்றார் அவர்.

தெருவில் போகிற காரைக் காதால் கேட்டே அதன் பேரிங் போனதைச் சொல்லுகிறவர். உடம்பு தளர்ந்தால் எல்லாவற்றிலும் மனசு விட்டுப்போகும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் குளியலறையிலிருந்து வெளியே வரவே அவருக்கு ஏழு மணியாகிவிட்டது. மெக்கானிக் பின்னால் உட்கார்ந்தான். பாலத்தில் ஏறியதும் வழக்கம் போல வண்டி துவண்டது. நின்றது. பின்னால் ஹாரன்கள் கத்தின.

“செல்ஃப் அடிக்காதீங்கக்கா” என்று சொல்லி அவன் இறங்கி வண்டிக்குப் பின்புறம் போனான். பெட்ரோல் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. அடுத்து ‘ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு காற்று, யாரோ மூச்சை உள்ளே இழுத்த மாதிரி.

“இப்ப அடிங்க.”

ஒரே திருப்பில் பிடித்தது.

அவன் ஜன்னலருகில் வந்து, இரண்டாக மடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் காட்டினான். நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. “மூடிக்கு அடியில இதை வச்சது யாரு?”

“நான்தான்” என்றாள். மூடியின் ரப்பர் தேய்ந்து வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்துகொண்டிருந்தது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அந்த வாடைக்கு அவர் வாந்தி எடுப்பார். ரப்பர் கிடைக்கவில்லை. தாளை வைத்து மூடியை இறுக்கியதும் வாடை நின்றது. பெட்ரோல் போடும்போதெல்லாம் அவளே எடுத்து, அவளே மறுபடி வைத்தாள்.

“மூடியில ஊசி ஓட்டை ஒண்ணு இருக்குக்கா. பெட்ரோல் குறையக் குறைய அது வழியாத்தான் காத்து உள்ள போகணும். நீங்க அடைச்சுட்டீங்க. இருபது நிமிஷம் ஓடினா டேங்க் பெட்ரோலை விடாமப் பிடிச்சுக்கும். கால் மணி நேரம் நின்னா கொஞ்சம் காத்து கசிஞ்சு உள்ள போயிடும், மறுபடி ஓடும். நான் பத்து நிமிஷத்துல திரும்பிட்டேன், எனக்கெங்க தெரியும்?” அவன் குனிந்து உள்ளே பார்த்தான். “அண்ணே, வேன்ல இதை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க.”

அவர் பாலத்தின் கைப்பிடிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலம் இறங்கியதும் மெக்கானிக் பஸ் பிடிக்க இறங்கிக்கொண்டான். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வர ஆரம்பித்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

“எது?”

“மூடி.”

ஒரு சிக்னல் தாண்டியது. “ரெண்டாவது தடவை நின்னப்பவே தெரியும். நீ இறங்கி போன் பேசிக்கிட்டு இருந்தே. பின்னால டேங்க் தகரம் டொக்குன்னு உள் வாங்கிச்சு.”

“ஏன் சொல்லல?”

“அந்தக் கால் மணி நேரம் யாரும் ஊசி குத்த மாட்டாங்க.” கைக்குட்டையை இறக்கினார்: “ஒரேயடியா நின்னுட்டா வீட்டுக்குத் திரும்பிடலாம்னு பார்த்தேன்.”

“பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னேனே, ஒரு மாசமா. போறவன் வர்றவன் எல்லாம் திட்டிட்டுப் போனான்.”

“பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதையும் காட்ட முடியவில்லை, எதிரே லாரி வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஏழு நாற்பது. அவர் படுக்கையில் வேறு ஒருவர் படுத்திருந்தார், குழாய்கள் மாட்டி முடித்திருந்தார்கள். நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நாலு மணிக்கு வந்துடுங்கம்மா. இனிமே அதுதான்.”

வராந்தாவில் நின்று நூலகத்துக்குப் போன் செய்தாள். இன்றைக்கு லீவு என்றாள். நாளை மறுநாளைப் பற்றி அவர்கள் கேட்டபோது, நேரில் வந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

காருக்குத் திரும்பினாள். அவர் இறங்கவே இல்லை.

“நாலு மணிக்குத்தானே?” என்றார். “அப்ப வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்.”

“வீட்டுக்குப் போனா நீங்க திரும்பி வரமாட்டீங்க.”

அவள் வண்டியை மரநிழல் பார்த்து ஓரமாக விட்டாள். நாலு கண்ணாடிகளையும் இறக்கினாள். சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“எட்டு மணி நேரம் இங்கயா உக்காரப்போறே?”

“ஆமா.”

சற்று நேரம் கழித்து, முதுகு வலிக்கிறது என்றார். அவள் குனிந்து அவர் இருக்கையின் சாய்மானத்தைத் தளர்த்திவிட்டாள். அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், தூங்கவில்லை. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.