மாமா தைத்த வெள்ளை வளையம்

இந்தப் பக்கத்தில் ஓடுகிற பாதி வண்டி என் கை பட்டு ஓடுவதுதான். அக்கா வீட்டுக் கார் மட்டும் என் கை படாமல் ஓடும். பல வருஷமாக எனக்கு இருக்கிற வயிற்றெரிச்சல் இது. கூப்பிடு தூரத்தில் மச்சினன் நான் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறேன், அக்கா வீட்டுக்காரர் பானட்டைத் தூக்கக்கூட என்னை விட்டதில்லை.

“மாப்ள, உன் கை பட்ட கிரீஸ் போறதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆகும். பாசத்த தள்ளி நின்னே காட்டு” என்பார்.

மாமாவுக்குத் தங்கும் விடுதி ஒன்றில் வேலை. சலவைப் பகுதிக்கு அவர்தான் தலை. காய்ந்து வருகிற விரிப்பை மூக்குக்கிட்டே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பார். “இது சரியா காயல, திருப்பி அனுப்பு” என்பார். சொன்னது தப்பாது. மூக்கு மேஸ்திரி என்றே அங்கே அவருக்குப் பேர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த மூக்கு காருக்குள் போய்விடும். மிதியடியை உதறிக் கழுவி நிழலில் போடுவார். சீட்டில் சமையல் சோடாவைத் தூவி, ஊறவிட்டு, மெஷின் வைத்து உறிஞ்சுவார். ஏசி வாயின் இடுக்கெல்லாம் பழைய பல் பிரஷ் நுழையும். சீட்டுக்கு அடியில் துணிப்பையில் கரித்துண்டு கிடக்கும். வாசனை பாட்டில் மாட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “குளிக்காதவன் சென்ட் அடிச்ச கதை” என்பார். அப்பேர்ப்பட்டவர் போன வருஷத்திலிருந்து மூன்று பாட்டில் தொங்கவிட்டிருந்தார். வயசாகிறது, புத்தி மாறுகிறது என்று நான் விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் மாமா, அக்கா, பிள்ளை மூன்று பேரும் வெளியூர் கிளம்புகிறார்கள். ஜாக்கி இரவல் கேட்டிருந்தார், கொண்டுபோனேன். கேட்டைத் தாண்டவில்லை, குப்பென்று பெட்ரோல் நாற்றம். கார் வாசலில் நிற்கிறது. மாமா பின்சீட்டில் மண்டியிட்டு, தூசி உறிஞ்சும் மெஷினின் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுச் சுவரில் பிளக் மாட்டியிருக்கிறது. அவர் மகள் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, “போடவாப்பா?” என்கிறாள்.

“போடு போடு, உங்கம்மா வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்.”

“கைய எடுடீ!” என்று நான் கத்திய கத்தலில் பிள்ளை துள்ளிப் பின்னால் போனாள். ஜாக்கி என் காலிலேயே விழுந்தது. வலி அப்புறம்தான் தெரிந்தது. மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். அவர்மேல் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

“என்ன மாப்ள, காலங்காத்தால தண்ணி போட்டுட்டியா?”

அக்கா பையோடு ஓடிவந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். “ஐயோ, பெட்ரோல் நாத்தம் கொடலப் புடுங்குது! ஏங்க, இதுக்குள்ளயா உக்காந்திருந்தீங்க?”

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் காரைப் பார்த்தார். திருதிருவென்று முழித்தார்.

கதவையெல்லாம் திறந்துவிட்டு, அவர்களைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுப் பின்சீட்டைத் தூக்கினேன். பெட்ரோல் டேங்க்கின் மூடி அதற்குக் கீழேதான் இருக்கும். மூடிக்கு அடியில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று கசியாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ரப்பர் இல்லை. அந்த இடத்தில் வெள்ளைத் துணியில் ஒரு வளையம். நாலு மடிப்பு மடித்து, ஓரம் பிசிறில்லாமல், பொடித் தையல் போட்டுத் தைத்தது. பெட்ரோலில் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. என் தொழிலில் பார்க்காத அநியாயம் இல்லை. இதைப் பார்த்ததில்லை. மெஷின் மோட்டாரில் ஒரு பொறி பறந்தால் போதும். அந்தப் பிள்ளையின் விரல் சுவிட்சில் இருந்தது.

தெருக் குழாயடியில் மாமாவைப் பிடித்தேன். “யார் வேல இது?”

“நான்தான். போன வாரம் பாப்பா பின்னால பால கொட்டிட்டா. எத்தன தடவ கழுவியும் உங்கக்கா மூக்கு சுளிக்கிறத நிறுத்தல. சீட்டத் தூக்கினேன். மூடிக்குள்ளயும் பால் போயிருக்கும்னு கழட்டினேன். அந்த ரப்பர் பிசுபிசுன்னு இருந்துச்சு. அதுதான் நாறுதுன்னு தூக்கிப் போட்டுட்டு, சுத்தமான துணியில தச்சு வச்சேன். இன்னைக்கு காலைலதான் டேங்க்க நெறச்சேன்.”

“அது பெட்ரோல் பிசுக்கு மாமா! மோந்து பாத்தா பச்சப்புள்ள சொல்லும்!”

அவர் குழாயைத் திறந்தார், மூடினார்.

“மூக்கு செத்துப் போச்சு மாப்ள. போன வருஷம் காய்ச்சல்ல படுத்தேன்ல, அதோட. கார்ல ஏறும்போது உங்கக்கா மூஞ்சியப் பாப்பேன். சுளிச்சா கழுவுவேன். விடுதியிலயும் அப்படித்தான், சலவைப் பொண்ணுங்க மூஞ்சியப் பாத்துத்தான் விரிப்ப திருப்பி அனுப்புறேன். மூஞ்சியப் பாத்தே ஒரு வருஷத்த ஓட்டிட்டேன்.”

 ஒரு வருஷமாக அந்த மனுஷன் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பயணம் நின்றது. கயிறு கட்டிக் காரை என் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போகத் தயாரானேன். மாமா தடுக்கவில்லை. கயிற்று முடிச்சைக்கூட அவர்தான் இறுக்கினார்.

கிளம்பும்போது பின்னாலேயே வந்தார். அக்கா கேட்கிற தூரத்தில் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்தை என் பக்கம் நீட்டினார்.

“கிட்ட வா மாப்ள. மோந்து பாரு. என்மேல ஏதாவது அடிக்குதா? உங்கக்கா சொல்ல மாட்டா. நீ சொல்லு.”