தீப்பெட்டிக்குள் வைத்த மாத்திரை

கிராம நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் காலித் தீப்பெட்டியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். தீப்பெட்டிக் கம்பெனிகள் நிறைந்த சாத்தூர்ப் பக்கம் எந்த வீட்டிலும் அதற்குப் பஞ்சமில்லை. அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி அதில் போட்டு வைப்பார்கள். பேரும் போச்சு, காலாவதித் தேதியும் போச்சு. கேட்டால், பெட்டி மேல் இருக்கிற லேபிள் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்வோம் என்பார்கள்.

அச்சங்குளத்துப் பாக்கியத்தம்மாளும் அப்படித்தான். கோழி லேபிள் பெட்டியில் அவருடைய பிரஷர் மாத்திரை. கப்பல் லேபிள் பெட்டியில், இறந்துபோன கணவரின் சுகர் மாத்திரை. அதைக் கொடுத்துவிடுங்கள் என்று போகும்போதெல்லாம் கேட்பேன். "அவுக ஞாபகமா இருக்கட்டும் நர்சம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருநாள் காலை பாக்கியத்தம்மாள் தெருவில் வேறொரு வீட்டில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மகன் முருகேசன் பதறி ஓடி வந்தான். போய்ப் பார்த்தால், பாக்கியத்தம்மாள் தெப்பலாக வியர்த்து, கை நடுங்க உளறிக்கொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தேன். சுகர் ஐம்பதுக்கும் கீழே. சுகர் வியாதியே இல்லாத மனுஷிக்கு இது எங்கிருந்து வந்தது? விழுங்க முடிந்ததால் குளுக்கோஸைக் கரைத்து மெல்லப் புகட்டினேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னேன்.

அதற்குள் வாசலில் கூடியவர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் மருமகள் செல்வி. முந்தின நாள் மாமியாரோடு அவளுக்குப் பெரிய சண்டை வேறு.

"எங்கம்மாவுக்கு என்னத்தக் குடுத்த?" என்றான் முருகேசன்.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நீ சும்மா இருலே" என்று அவனை அதட்டிவிட்டு மாத்திரைப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டிலும் கோழி லேபிள்.

கப்பல் எங்கே என்றேன். அந்தப் பெட்டி பிய்ந்துவிட்டதாம். செல்வி வேலை பார்க்கும் தீப்பெட்டிக் கம்பெனியில் கப்பல் ஆர்டர் முடிந்து, இப்போது கோழிதான் ஓடுகிறதாம். நேற்றுத்தான் புதுப் பெட்டியில் மாற்றியிருக்கிறாள். "இன்னைக்கு நான் எடுத்துக் குடுக்கவே இல்ல நர்சம்மா" என்று அழுதாள். யார் நம்புவார்கள்?

குளுக்கோஸ் உள்ளே போய் பாக்கியத்தம்மாளுக்குத் தெளிவு வந்தது. மகனைப் பார்த்துச் சொன்னார்: "அவள ஏசாத. கோவத்துல அவ கையால வாங்காம, கோழிப் பெட்டிதானன்னு நானே எடுத்துப் போட்டேன். சாப்பிடவும் இல்ல."

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. சுகர் மறுபடி இறங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் மறுநாள் வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாத்திரை அதன் அட்டையிலேயே இருக்கட்டும். ஒருவருடையதை இன்னொருவருடையதோடு வைக்காதீர்கள். இறந்தவர் மாத்திரையையும் காலாவதியானதையும் மருந்துக்கடையிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டு ஒப்படையுங்கள். வாங்க ஆளில்லையென்றால் பழைய டீத்தூளோடு பிசைந்து, கவரில் இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். கண்மாயில் வீசாதீர்கள்.

அடுத்த முறை போனபோது நான் கேட்காமலேயே பாக்கியத்தம்மாள் கணவரின் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டார். செல்வி புது அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி மாமியார் கையில் வைத்தாள். அவர் அதைப் பார்க்காமலேயே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

பார்த்துப் போடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.