உம்மா மௌத்தான குரூப்

எங்கள் பாடசாலையின் கணினி அறைக்குள் போவதென்றால் வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். தூசி பட்டால் கணினி பழுதாகிவிடும் என்பது ஐ.சி.டி. சேரின் சட்டம். உள்ளே கணினிகள் பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு வரிசையாக இருக்கும். அந்த உறைகளைக் கழற்றியது கல்விக் கந்தோரிலிருந்து ஆட்கள் பார்க்க வந்த நாளில் மட்டும்தான். மற்ற நாட்களில் உறை போட்ட கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, கணினியின் பாகங்களைக் கொப்பியில் கீறி நிறம் தீட்டினோம். நான் கீறிய சுட்டிக்கு வால் நீண்டுவிட்டது என்று சேர் புள்ளி குறைத்தார். பகிடிக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் எனக்கு ஒரு பழைய லெப்டொப் இருந்தது. வாப்பா கட்டாரில் சாரதி. அங்கே முதலாளி வீட்டில் ஒதுக்கிப் போட்டதைக் கேட்டு எடுத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். திரையில் ஒரு மூலை கறுப்பு, விசைகளில் அரபு எழுத்து. எந்த விசை எது என்று விரல்தான் பழகியது, கண் பழகவில்லை. யாரும் சொல்லித் தராமல், வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அதில் நிரல் எழுதப் பழகினேன். டேட்டா முடிந்தால் பாடமும் அன்றோடு முடியும்.

நான் எழுதிய முதல் உருப்படியான நிரல் குப்பைச் செய்திகளைப் பிடிப்பது. அதை எழுதவைத்ததும் கோபம்தான். உம்மாவின் போனுக்குள் வந்து விழுகிறவற்றைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் மறுமையில் கேள்வி கேட்கப்படும் என்று ஒன்று. வெள்ளைப்பூண்டை அவித்துக் குடித்தால் எல்லா நோயும் மாறும் என்று ஒன்று. காணாமற்போன ஒரு பிள்ளையின் படம் நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போதே வந்தது, இன்னும் வருகிறது. அந்தப் பிள்ளை இதற்குள் கலியாணம் முடித்திருக்கும். பரக்கத்து, அவசரம், எல்லோருக்கும் பகிருங்கள் ஆகிய சொற்கள் எத்தனை தரம் வருகின்றன, எத்தனை கை மாறி வந்திருக்கிறது என்று பார்த்து என் நிரல் ஒவ்வொரு செய்திக்கும் தீர்ப்புச் சொல்லும். எங்கள் வகுப்புக் குரூப்பில் வந்தவற்றை அதற்குள் கொட்டிப் பார்த்தேன். சேர் அனுப்பியவற்றில் முக்கால்வாசி குப்பை என்றது. நிரலில் எங்கோ பிழை இருக்கிறது என்று நினைத்து ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினேன். பிழை இருக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த நேரம் அது. எனக்கு உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்க வேண்டும். எங்கள் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு இருப்பது கலையும் வர்த்தகமும் மட்டும். கல்முனையில் ஒரு பாடசாலை என்னை எடுக்கத் தயாராக இருந்தது. அதற்கு இரண்டு பேர் மனம் வைக்க வேண்டும். வாப்பா ஓம் என்று சொல்ல வேண்டும், எங்கள் அதிபர் விடுகைப் பத்திரம் தர வேண்டும். வாப்பா யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு ‘ஓம்’ வரும் என்று நான் தொழுகைக்குத் தொழுகை துஆக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில்தான் சேர் அந்த லிங்கை அனுப்பினார். பெறுபேறு வந்த மாணவர்கள் எல்லோருக்கும் இலவச டெப் கணினி, இன்றே கடைசி நாள், பெற்றோர் தங்கள் போன் இலக்கத்தைப் பதிய வேண்டும். கீழே ஒரு முகவரி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அரசாங்கத்தின் முகவரி அப்படி முடியாது. எழுத்தெல்லாம் ஏதோ மொழியிலிருந்து கணினி மாற்றிப்போட்ட தமிழ், ‘அன்பான மாணவன் பெற்றுக்கொள்கிறது’ என்று ஆரம்பித்தது. குரூப்பில் பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாகவே இருந்தோம். நான் என் போனிலிருந்து எழுதினேன்: ‘சேர், இது மோசடி. யாரும் இதை அழுத்த வேண்டாம். அனுப்ப முன்னர் ஒருக்கா வாசித்துப் பாருங்கள் சேர்.’

சேர்தான் குரூப்புக்குப் பொறுப்பு. முதலில் என் செய்தி இல்லாமற் போனது. பிறகு நானும் இல்லாமற் போனேன். லிங்க் மட்டும் அங்கேயே இருந்தது, அதற்குக் கீழே பெற்றோர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் டியூஷனுக்குப் போய்விட்டேன். உம்மா போனைத் திறந்திருக்கிறா. சேரின் செய்தி இருக்கிறது, மகளின் செய்தி இருந்த இடத்தில் நீக்கப்பட்டது என்று மட்டும் இருக்கிறது. லிங்க் பிழையென்றால் சேர் அதைத்தானே அழித்திருப்பார் என்று உம்மா யோசித்திருக்கிறா. நான் குற்றம் சொல்ல மாட்டேன், கிடைத்ததை வைத்து உம்மா சரியாகத்தான் யோசித்தா. இலக்கத்தைப் பதிந்தா. ஒரு குறியீடு வந்தது, கேட்ட இடத்தில் அதையும் கொடுத்தா. மகளுக்கு டெப் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் எனக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டா. அந்தக் குறியீட்டோடு உம்மாவின் கணக்கு யாரோ ஒரு கள்ளனின் கைக்குப் போய்விட்டது. உம்மாவின் போன் சும்மா கிடந்தது, நெட் இல்லையாக்கும் என்று நினைத்து அதைச் சார்ஜில் போட்டுவிட்டு உம்மா படுத்துவிட்டா.

மறுநாள் காலையில் கள்ளன் உம்மாவின் பெயரில், உம்மா இருக்கும் எல்லாக் குரூப்புக்கும் அதே லிங்கை அனுப்பினான். அதில் ஒன்று எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவின் மரண அறிவித்தல்களுக்கான ஜனாஸா குரூப். யார் மௌத்தானாலும் அதில்தான் முதலில் வரும். அதில் வேறு எதுவும் போடக் கூடாது. அதனால் யாரும் அதை வாசிப்பதில்லை. செய்தி வந்த சத்தம் கேட்டதும் ‘இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்’ என்று மௌத்துக்குரிய துஆவைப் போட்டுவிட்டு, பிறகு ஆறுதலாகத்தான் யார் என்று பார்ப்பார்கள். அன்றைக்கும் ஒருவர் அப்படியே போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள். லிங்கைத் திறக்க யாருக்கும் நேரமில்லை. மேலே உம்மாவின் பெயரும் படமும் இருந்தன, கீழே வரிசையாக இன்னாலில்லாஹி இருந்தது. வேறென்ன வேண்டும். எப்போது நல்லடக்கம் என்று ஒருவர் கேட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு என்று இன்னொருவர் பதில் சொன்னார். அந்த மனிதர் யார், அவருக்கு அதை யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

உம்மா கிணற்றடியில் கீரி மீன் கழுவிக்கொண்டிருந்தா. முதலில் வந்தது பிளாஸ்டிக் கதிரைகள். பின் வீட்டு மாமாவும் அவர் மகனும் தலையில் அடுக்கிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் முற்றத்தில் பரப்பினார்கள். பிறகு பக்கத்து வீட்டு மாமி தேத்தண்ணிப் போத்தலோடு அழுதுகொண்டு வந்தா. வந்தவ என்னைக் கட்டிப் பிடித்தா.

“ராத்திரிக் கூட வேலியால கதைச்சாவே மகள். என்ன நடந்திச்சி?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் உம்மா மீன் சட்டியோடு வந்து நின்றா.

“என்ன மச்சி, ஆரு மௌத்து?” என்று உம்மா கேட்டா.

மாமியின் கையிலிருந்த போத்தல் விழுந்து உடைந்தது. கொஞ்ச நேரத்தில் நிந்தவூரிலிருந்து உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி, ஓட்டோவில் வந்து இறங்கினா. உம்மாவைக் கண்டதும் அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டா. பள்ளிவாசலிலிருந்து ஒருவர் ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்கு வாப்பாவின் முழுப் பெயர் கேட்டு வந்தார். உம்மாவே பெயரைச் சொல்லி, தான் ஹயாத்தோடு இருப்பதையும் சொல்லி அனுப்பினா.

ஊரில் இதைச் சொல்லி இன்றும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, ஏனென்றால் வாப்பாவின் அழைப்பை எடுத்தது நான். ஜனாஸா குரூப்பில் அவரும் இருந்தார், கட்டாரில் அதைக் கண்டு, கள்ளன் பிடித்த உம்மாவின் கணக்குக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு என் இலக்கத்துக்கு எடுத்திருந்தார். வாகனத்தை வீதியோரம் நிறுத்திவிட்டு அழுதுகொண்டிருந்தார். நான் அவர் அழுது கேட்டதேயில்லை.

“மகள், உம்மாட முகத்த மூடிட்டாங்களா?” என்றார்.

உம்மாவிடம் போனைக் கொடுத்தேன். உம்மாவின் குரலைக் கேட்டபின் வாப்பா போனைத் திரும்ப என்னிடம் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்.

“நீதானே அந்தப் போன நோண்டிக்கிட்டு இரிக்கிற. என்ன செஞ்சாய்?”

“நான் ஒண்டும் செய்யல்ல வாப்பா. சேர் அனுப்பின லிங்க். நான் வேணாமெண்டு குரூப்புலயே சொன்னன்.”

“கம்ப்யூட்டர் தெரிஞ்சது இந்த வீட்டுல நீ மட்டுந்தான். இனிக் கல்முனையும் வேணாம் ஒண்டும் வேணாம். இங்கயே கலைப் பிரிவப் படி.”

எங்கள் ஊரில் இதுதான் நியாயம். குழாய் உடைந்தால் குழாய் திருத்தத் தெரிந்தவனில் பழி போடுவதில்லை. போனில் ஏதாவது நடந்தால் மட்டும், போனைப் பற்றித் தெரிந்தவள் குற்றவாளி. எனக்கு வந்த ஆத்திரத்தில் லெப்டொப்பை கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். உடைக்க மனம் வரவில்லை. குப்பையைப் பிடிக்கும் நிரல் அதற்குள் இருந்தது, எங்கள் வீட்டில் நான் சொன்னதை ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

அன்று பின்னேரமே உம்மாவின் கணக்கை மீட்டெடுத்தேன். இரண்டாவது பூட்டும் போட்டுக் கொடுத்தேன். உம்மாதான் வாப்பாவிடம் மெல்ல மெல்லக் கதைத்தா. குறியீட்டைக் கொடுத்தது தான், மகள் இல்லை என்று திருப்பித் திருப்பிச் சொன்னா. வாப்பா இறங்கி வந்தார், பாதி மட்டும். அதிபர் விடுகைப் பத்திரம் தந்தால் கல்முனைக்குப் போகலாம் என்றார்.

உம்மாவும் நானும் அதிபரின் அறைக்குப் போனோம். சேரும் இருந்தார். நடந்ததெல்லாம் அதிபருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். உம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“புள்ள கெட்டிக்காரிதான். ஆனா சேருக்குக் குரூப்புல அப்பிடி எழுதினது மரியாதயில்ல. மன்னிப்புக் கேளுங்க. பத்திரத்த இப்பவே தாறன்.”

“நான் எழுதினது சரிதானே சேர்,” என்றேன் அதிபரிடம்.

“சரி பிழை வேற. மரியாத வேற.”

ஐ.சி.டி. சேர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு வந்தத நான் அப்பிடியே போட்டன். நானா அந்த லிங்கச் செஞ்ச?” என்றார்.

கணினி படிப்பிக்கிற ஒருவர் சொன்ன வார்த்தை அது. வந்ததை அப்படியே போடுவதற்கு மனிதர் எதற்கு, அதை வெறும் மின்கம்பியே செய்யுமே என்று நாக்கின் நுனிவரை வந்தது. விடுகைப் பத்திரம் அதிபரின் மேசையில் கண்ணாடிக்கு மேல் கிடந்தது. உம்மா என் கையைப் பிடித்திருந்தா. நான் மன்னிப்புக் கேட்டேன். வாசித்துப் பாருங்கள் என்று சொன்னதற்காக, மன்னித்துக்கொள்ளுங்கள் சேர் என்று சொன்னேன். பரவாயில்லை என்று அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டியதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உம்மாவின் போன் சத்தம் போட்டது. வகுப்புக் குரூப். சேர் அனுப்பியிருந்தார். உயர்தர மாணவர்களுக்கு வெளிநாட்டு நிறுவனத்தின் புலமைப்பரிசில், போன் இலக்கத்தைப் பதியவும், இன்றே கடைசி நாள். கீழே ஏற்கனவே இரண்டு பெற்றோர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

சோற்றுக் கையோடு போனைப் பறித்தேன். என் போனில் எழுத முடியாது, சேர் என்னைத் திரும்பச் சேர்க்கவில்லை. உம்மாவின் பெயரிலேயே எழுதத் தொடங்கினேன். என்ன எழுதினேன் என்று இங்கே சொன்னால் அழகாக இராது. உம்மா எழுந்து வந்து போனை என் கையிலிருந்து எடுத்தா.

“நீ எழுதாத. திங்கக்கிழம நீ கல்முனைக்குப் போகணும். எது அமத்துறது எண்டு மட்டும் காட்டு.”

குரல் பதியும் இடத்தைக் காட்டினேன். அந்நிய ஆண்கள் இருக்கும் குரூப்பில் உம்மா குரல் கொடுத்ததேயில்லை. அது கூடாது என்பதில் கண்டிப்பானவ. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஏதோ எல்லோரும் முன்னால் நிற்பது போல, போனுக்குள் பேசினா.

“அஸ்ஸலாமு அலைக்கும். இது பொய்யான லிங்க். ஆரும் அமத்த வேணாம். அனுப்ப முன்ன ஒருக்கா வாசிச்சுப் பாருங்க சேர். நான் ஒருக்கா மௌத்தாகினது போதும்.”

அனுப்பிவிட்டு உம்மா போனைக் குப்புற வைத்தா. இருவரும் சோற்றைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் நானே போனைத் திருப்பிப் பார்த்தேன். லிங்க் இருந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்றிருந்தது. பெற்றோர் உம்மாவுக்கு நீண்ட ஆயுள் வேண்டி துஆச் செய்திருந்தார்கள். கடைசியாகச் சேர் எழுதியிருந்தார்: ‘ஜஸாகல்லாஹு ஹைரன். எல்லோரும் இப்படி விழிப்பாக இருக்க வேண்டும்.’

நான் எழுதிய அதே வசனம். உம்மாவுக்கு அதற்கு நன்றி கிடைத்தது. என்னிடம் வாங்கிய மன்னிப்பை யாரும் திருப்பித் தரவில்லை.