முப்பதாங்கட்டை டாட் காம்

"அடுத்தவங்க வேணாம்னு போட்டுட்டுப் போன பேர வாங்குறதுக்கா உன்ன ஈப்போ வரைக்கும் அனுப்பிப் படிக்க வச்சாங்க?"

சரோஜா அக்கா இப்படிக் கேட்டபோது அவர் கையில் ஒரு கட்டு செவ்வந்தி இருந்தது. அதைத் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டார். கோபமில்லை, சந்தேகம்தான். நான் சொந்தமாக எடுத்த முதல் வேலை அவருடையது. அதற்கு முன் மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில் ஒரு சின்ன அலுவலகத்தில் தங்கும் விடுதிகளுக்கும் ஸ்ட்ராபெரி தோட்டங்களுக்கும் வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவர்கள். பள்ளிக்கூடத்தை முடித்து மேலே படித்தவர் எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அதனால் அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

பெயர் எப்படிச் சும்மா கிடைக்கிறது

அக்காவின் பூத்தோட்டம் ரிங்லெட்டைத் தாண்டி இருக்கிறது. தாப்பாவிலிருந்து மலை ஏறும் சாலையில் முப்பதாவது மைல் கல், எங்கள் பேச்சில் கட்டை, நின்ற இடம். கல் எப்போதோ போய்விட்டது. சாலைப் பலகைகள் கிலோமீட்டருக்கு மாறிவிட்டன. ஆனாலும் லோரிக்காரர்களுக்கு அது முப்பதாங்கட்டைதான். 'முப்பதாங்கட்டைப் பூ' என்றால் அக்காவின் பூ. தீபாவளிக்கு முன்பே கோயில்களும் மாலைக் கடைகளும் இடையில் ஆள் இல்லாமல் நேராக அவரிடம் ஆர்டர் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு வெப்சைட் வேண்டும், பெயர் முப்பதாங்கட்டை என்றே இருக்க வேண்டும். இதுதான் அவர் கேட்டது.

தேடிப் பார்த்தால் அந்தப் பெயரை யாரோ ஏற்கெனவே பதிந்திருந்தார்கள். தளத்தைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. பதிவு விவரத்தைப் பார்த்தேன். காலாவதி ஆகியிருந்தது.

டொமைன் பெயரை யாரும் ஒரேயடியாக வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறோம். தவணை முடிந்து புதுப்பிக்காவிட்டால் உடனே போய்விடாது. பழைய உரிமையாளருக்குக் கொஞ்ச காலம் அவகாசம் உண்டு. அதுவும் தாண்டினால் கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். மீட்கவில்லை என்றால் அழிப்பு வரிசையில் நின்று, பிறகு பொதுவில் விழும். விழுந்த நொடியில் முதலில் பிடிப்பவருக்கு அது சொந்தம். விழுந்ததும் எனக்குப் பிடித்துத் தரும்படி பதிவு நிறுவனத்தில் பேக்ஆர்டர் போட்டு வைத்துக் காத்திருந்தேன்.

"பழைய பேரா இருந்தா கூகுளுக்கு ஏற்கெனவே அடையாளம் தெரியும் அக்கா. வேற பக்கங்கள்ல அந்தப் பேருக்கு லிங்க் குடுத்திருப்பாங்க. புதுப் பேருன்னா எல்லாத்தையும் ஒண்ணுலேர்ந்து தொடங்கணும்."

"போனவன் கடன் வச்சிட்டுப் போயிருந்தா?"

நல்ல கேள்வி. எங்கள் தொழிலிலும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காலாவதியான பெயர்கள் பல சூதாட்டக்காரர்கள் கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். அப்படிப்பட்ட பெயரை வாங்கினால் தேடுபொறிகள் நம்மையும் அந்தக் கும்பலில் சேர்த்துவிடும். பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளத்தில் போய், இந்தப் பெயரில் முன்பு என்ன இருந்தது என்று பார்த்தேன்.

பால் நிறுக்கும் இடம்

படங்கள் எதுவும் திறக்கவில்லை. எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. 'முப்பதாங்கட்டை மக்கள்' என்று தலைப்பு. கீழே மாரியம்மன் கோயில் திருவிழா அறிவிப்பு. மேல் லைன், கீழ் லைன், தோட்டம், கங்காணி என்று நான் பிறந்ததிலிருந்து கேட்ட சொற்கள். 'பால் நிறுக்கும் இடத்தில் அனைவரும் கூடி அங்கிருந்து ஊர்வலம் புறப்படும்' என்று ஒரு வரி. எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒருவர் மாடு வைத்திருந்தார். முன்பு நிறைய மாடுகள் இருந்திருக்கும், பாலை அங்கே நிறுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். லிங்க் கொடுத்திருந்த பக்கங்களையும் பார்த்தேன். ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள், ஒரு கல்யாண மண்டபம். சூதாட்டம் எதுவுமில்லை.

"நம்ம மலை ஆளுங்க பேருதான் அக்கா. யாரோ வெளியூர் போனவங்க செஞ்சிருக்காங்க. சுத்தமா இருக்கு."

"அப்பப் புடிச்சிரு லா."

பிடித்துவிட்டேன். கணக்கில் அந்தப் பெயர் வந்து உட்கார்ந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஒருமுறை நடந்துவிட்டு வந்தேன். வெப்சைட்டை ஏற்றினேன். செவ்வந்திப் படங்கள், ஆர்டர் போடும் இடம், மேலே பெரிதாக அக்காவின் கைப்பேசி எண்.

"திருவிழா எப்போ?"

முதல் அழைப்பு வந்ததும் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"ஒரு ஆளு கூப்பிட்டுத் திருவிழா எப்போன்னு கேக்குறான். பூ வேணுமான்னா வேணாங்குறான்."

தவறான எண்ணாக இருக்கும் என்றேன். அடுத்த அழைப்பும் திருவிழாதான். அதற்கடுத்ததும். ஒரு பெண் அக்காவிடம், "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு? மேல் லைனா, கீழ் லைனா?" என்று விசாரித்திருக்கிறார். அக்கா தன் அப்பா பெயரைச் சொல்ல, அந்தப் பெண் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்படி ஒருத்தர் நம்ம தோட்டத்துலயே இல்லியே" என்று வைத்துவிட்டார்.

"எங்கப்பாவே இல்லங்குறாம்மா. பூ விக்கத்தான போட்ட இத? எடுத்தாத் திருவிழா, வச்சாத் திருவிழா. ஆர்டர் குடுக்குறவன் கூப்புட்டா லைன் பிஸியா இருக்கும்."

அவருக்கு அந்தத் தீபாவளி பெரிய விஷயம். வழக்கமாகப் பூ எடுக்கும் தரகரிடம் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார், என் பேச்சை நம்பி. அடுத்து யார் அழைத்தாலும் என் எண்ணைக் கொடுங்கள் என்றேன்.

அப்படித்தான் செல்லப்பன் என்பவர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், ஜொகூர் பாருவில் இருக்கிறார். மாடு வைத்திருந்தவர்களின் பிள்ளையா என்று கேட்டேன்.

"மாடா? எந்த மாடு?"

"பால் நிறுக்கும் இடம்னு போட்டிருந்தீங்களே அங்கிள்."

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ஏம்மா, அது ரப்பர் பாலு. மரத்துல எடுக்குறது. நீ எந்த ஊரு?"

"கேமரன் மலை. தேயிலைத் தோட்டம்."

"அதான். உங்களுக்குப் பாலுன்னா தேத்தண்ணில ஊத்துறது."

அவர்களுடைய முப்பதாங்கட்டை தெற்கே ஜொகூரில், குளுவாங் பக்கம். இந்த நாட்டில் சாலை ஓடும் இடமெல்லாம் கல் நட்டிருக்கிறார்கள், கல் நட்ட இடமெல்லாம் நம்மவர்கள் கட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்த முப்பதாங்கட்டை ஒன்றுதான். பால்மரத்தை நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. மரங்களை வெட்டி வீடமைப்புப் பகுதி ஆக்கிவிட்டார்கள், அதற்கும் வேறு பெயர். கோயில் மட்டும் நிற்கிறது. சிதறிப் போனவர்கள் வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குக் கூடுகிறார்கள். தேதியை அந்த வெப்சைட்டில்தான் பார்ப்பார்கள். அதைச் செய்தவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போனார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் எல்லாம் அவருடைய பழைய கம்பெனி இமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"நாங்க வேணாம்னு போடலம்மா. போனதே தெரியாது. சரி, நீ முறையாத்தான் வாங்கியிருக்க. எங்க ஆளுங்களுக்கு ஒரு வரி மட்டும் போட்டு வைப்பியா?"

அக்காவின் கணக்கு

ஒரு வரி போடுவது சுலபம். முகப்பில் இரண்டு வழி வைக்கலாம், பூவுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. அதை வரைந்து எடுத்துக்கொண்டு பூத்தோட்டத்துக்குப் போனேன்.

"என் கடை வாசல்ல அவங்க கோயில் போர்டா?" என்றார் அக்கா. "நம்ம காசு குடுத்து வாங்கினதுதான?"

"ஆமாக்கா. சட்டப்படி உங்களுதுதான்."

அவர் நெகிழிக் கூரைக்குக் கீழே ஒரு வரிசை முழுக்க நடந்து, வாடிய பூக்களைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"என் பூவத் தேடுறவன் ரிங்லெட்டு, கேமரன்னு போட்டாலும் கண்டுபுடிச்சி வந்துருவான். தோட்டம் இங்கதான நிக்குது. அவங்களுக்கு எடமும் இல்ல. பேரு ஒண்ணுதான். குடுத்துரு."

"உங்க பேரு?"

"பின்னால பூன்னு சேத்துக்க. நான் பூ விக்கிறவதான?" கொஞ்சம் தள்ளிப் போனவர் மறுபடி திரும்பினார். "திருவிழா மாலை ஆர்டர் நமக்குத்தான்னு அந்த டிரைவர் அண்ணங்கிட்ட சொல்லிரு."

புதிதாகப் பதிந்த பெயரை உடனே வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் நான் பதிந்த நிறுவனத்திலேயே அவர்களுக்கு ஒரு கணக்கு திறந்து, பெயரை அதற்குள் மாற்றிவிட்டேன். புதுப்பிப்பு அறிவிப்பு மூன்று வீட்டு இமெயிலுக்குப் போகிறது. அக்காவின் தளம் புதுப் பெயரில், ஒன்றிலிருந்து தொடங்கியது. தீபாவளிக்கு வந்த ஆர்டர் அவர் நினைத்ததைவிடக் குறைவு, நான் பயந்ததைவிட அதிகம். முன்னாள் மாணவர்கள் பக்கத்திலும் கல்யாண மண்டபத்தின் பக்கத்திலும் இப்போது அக்காவின் கடைக்கு லிங்க் இருக்கிறது. நான் எந்த லிங்க்குக்காகப் பழைய பெயரை வாங்கினேனோ, அதுவே வேறு வழியில் வந்து சேர்ந்தது.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். காலாவதியான பெயரை வாங்கும் முன் எல்லோரும் அது கெட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதைப் பாருங்கள். கூடவே, இன்னும் யார் அந்தப் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்றும் பாருங்கள். சேமித்த பக்கத்தில் புரியாத ஒரு சொல் இருந்தால், புரிந்ததுபோல் தாண்டிப் போகாதீர்கள்.

இப்போது கம்போங் ராஜாவில் ஒரு காய்கறி வியாபாரிக்குப் பெயர் தேடுகிறேன். அவர் ஆசைப்படும் பெயர் காலாவதி ஆகி, மீட்கும் அவகாசத்தில் நிற்கிறது. பேக்ஆர்டர் போட்டுவிட்டாயா என்று தினமும் கேட்கிறார். போட்டுவிட்டேன். ஆனால் அதற்கு முன்பே, பழைய பக்கத்தில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, உங்கள் பெயர் கையை விட்டுப் போகப் போகிறது, தெரியுமா என்று கேட்டுவிட்டேன். போனை எடுத்தவருக்கு அது தெரியவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.